குளம்பில் நாற்றம், முன்முனையில் வெடிப்பு: எண்ணெயா, லாடமா, சீவலா?

மண்புழுதி எழுதியது:

வணக்கம். ஏழு வயதுப் பெண் குதிரை, எடை ஏறக்குறைய 400 கிலோ. லாடம் இல்லை. வாரத்தில் நான்கு நாள் லேசான சவாரி, மற்ற நேரமெல்லாம் கொட்டடியில்தான். கடைசியாகக் குளம்பு சீவி பத்து வாரம் ஆகிவிட்டது.

இப்போது இருக்கும் நிலை:

முன் இடது குளம்பின் முன்முனையில், தரையிலிருந்து மேல்நோக்கி 2 செ.மீ. அளவுக்கு ஒரு வெடிப்பு. மயிர் வரி (மயிர் முடிந்து குளம்பு தொடங்கும் இடம்) வரை போகவில்லை. இரண்டு முன் குளம்புகளும் முன்பக்கம் நீண்டு, குளம்பின் வெளிச்சுவர் லேசாக வெளியே வளைந்திருக்கிறது.

பின்னங்கால் இரண்டிலும் ஃபிராக்கின் (உள்ளங்காலின் பின்பக்கம் உள்ள முக்கோண மெத்தை) நடுப்பள்ளத்தில் கறுப்பாகக் களிம்பு போல வருகிறது. தாங்க முடியாத நாற்றம். குளம்பைச் சுத்தம் செய்யும் கொக்கி உள்ளே போனதும் காலை உதறி இழுத்துக்கொள்கிறது. நொண்டல் இல்லை, ஆனால் கல்தரையில் நடையைக் குறுக்கி வைக்கிறது.

தினமும் குளம்புக்கு எண்ணெய் போடு என்கிறார் ஒருவர். லாடம் அடித்தால் வெடிப்பு மூடிவிடும் என்கிறார் இன்னொருவர். பயோட்டின் என்ற வைட்டமின் கொடு என்கிறார் வேறொருவர். எதை முதலில் செய்வது?

---

அரமும்கத்தியும் எழுதியது:

முதலில் சீவல். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

குளம்புச் சுவர் மாதத்துக்குச் சுமார் 6 முதல் 10 மி.மீ. வளரும். பத்து வாரத்தில் 14 முதல் 23 மி.மீ. வரை நீண்டிருக்கும். குதிரை ஒவ்வொரு அடியிலும் காலைத் தரையிலிருந்து எடுக்கும்போது கடைசியாக விடுபடும் இடம் முன்முனை. அது நீளமாக இருந்தால் நெம்புகோல் மாதிரி வேலை செய்து, சுவரை உள்ளிருக்கும் எலும்பிலிருந்து பிய்க்கப் பார்க்கும். உங்கள் குதிரையின் வெடிப்பும், சுவர் வெளியே வளைந்திருப்பதும் இந்த ஒரே காரணத்தால் வந்தவைதான் என்பது என் கணிப்பு.

வெடித்த சுவர் மறுபடி ஒட்டாது. அது நகம் மாதிரி உயிரற்ற பொருள். மேலிருந்து புதுச் சுவர் இறங்கி வரவர, பழையதைச் சீவி எறிய வேண்டியதுதான். மயிர் வரியில் பிறந்த சுவர் முன்முனையில் தரையைத் தொட 9 முதல் 12 மாதம் ஆகும். குதிப்பக்கம் உயரம் குறைவு என்பதால் 4, 5 மாதத்திலேயே புதுப்பித்துக்கொள்ளும். உங்களுடையது 2 செ.மீ. வெடிப்பு. நெம்புதலை நிறுத்திவிட்டால் இரண்டரை, மூன்று மாதத்தில் முழுவதும் வளர்ந்து வெளியேறிவிடும். இன்றே வெடிப்பின் மேல்நுனியில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். வெடிப்பு அந்தக் கோட்டைத் தாண்டி மேலே போனால் சீவல் போதவில்லை என்று பொருள். கோடு கீழே இறங்கி, வெடிப்பும் அதோடு இறங்கினால் சரியான வழியில் போகிறீர்கள்.

சீவுகிறவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது இதுதான். உள்ளங்காலைச் சுத்தமாகத் தேய்த்து, சுவரும் உள்ளங்காலும் சேரும் அந்த மஞ்சள் கலந்த கோட்டை முதலில் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பெயர் வெள்ளைக் கோடு என்றாலும் நிறம் வெளிர் மஞ்சள்தான். சுவரை உள்ளங்காலின் மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். சுண்ணாம்புப் பொடி மாதிரி உதிர்வது செத்த உள்ளங்கால், அது போகட்டும். மெழுகு மாதிரி பளபளப்பாகத் தெரிவது உயிருள்ளது, அதில் கத்தியே படக்கூடாது. அழகாக இருக்கட்டும் என்று உள்ளங்காலைக் குழிவாகச் செதுக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. கல்தரையில் குதிரை நடையைக் குறுக்குவதற்கு அது ஒரு பெரிய காரணம். இரண்டு கட்டைவிரலாலும் அழுத்திப் பாருங்கள். உள்ளங்கால் அமுங்கினால் ஏற்கெனவே மெல்லியதாகிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

குதியை ஃபிராக்கின் மிக அகலமான இடம் வரை பின்னுக்குக் கொண்டுவர வேண்டும். அடுத்து முன்முனை. வெள்ளைக் கோட்டுக்கு வெளியே இருக்கும் சுவரின் ஓரத்தை அரத்தால் கீழிருந்து சுமார் 45 பாகை சாய்த்து உருட்டிவிட்டால், வெடித்த இடம் தரையைத் தொடாது. தொடாத இடத்தில் நெம்புதல் இல்லை. வெளியே வளைந்த சுவரைக் கீழ் மூன்றில் ஒரு பங்கில் மட்டும் ராவலாம். அதற்கு மேல் அரம் போனால் சுவர் மெலிந்து பலவீனமாகும்.

பக்கவாட்டில் இருந்து பார்க்கும்போது பாஸ்டர்னின் (குளம்புக்கு நேர் மேலே உள்ள கால்பகுதி) முன்கோடும் குளம்பின் முன்கோடும் ஒரே நேர்கோடாக ஓட வேண்டும். முன் குளம்பில் கோணம் பெரும்பாலும் 50 பாகையை ஒட்டி வரும். ஆனால் எண்ணைத் துரத்தாதீர்கள். அந்தக் குதிரையின் பாஸ்டர்ன் என்ன சாய்வோ, அதுதான் அதன் குளம்புக்கும் கணக்கு.

பத்து வாரத்து நீளத்தை ஒரே நாளில் எடுத்துவிட வேண்டாம். இப்போது ஒரு முறை, மூன்று நான்கு வாரம் கழித்து இன்னொரு முறை, அப்புறம் ஐந்து ஆறு வாரத்துக்கு ஒருமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

---

குதிரைமருந்தகம் எழுதியது:

சுவரைப் பற்றிச் சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். ஆனால் அவசரத்தில் முதலிடம் பின்னங்கால் ஃபிராக்குக்குத்தான். அங்கே இருப்பது த்ரஷ் என்ற ஃபிராக் அழுகல். காலை உதறுவதால், தொற்று மேல்தோலைத் தாண்டி உணர்வுள்ள பகுதியைத் தொட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

நல்ல ஃபிராக்கின் நடுப்பள்ளம் கட்டைவிரலை மாவில் அழுத்தி எடுத்த தடம் போல ஆழம் குறைவாக, அகலமாக இருக்கும். அது குறுகி, ஒரு கீறல் போல ஆழமாகி, கொக்கி உள்ளே புதைந்தால் அந்த இடத்துக்குக் காற்றே போவதில்லை. காற்றில்லாத இடத்தில் பெருகும் பாக்டீரியாதான் இந்த நாற்றத்துக்குக் காரணம். ஃபிராக் வலிப்பதால் குதிரை குதியை ஊன்றாமல் முன்முனையை முதலில் வைக்கும். குதி உழைக்காவிட்டால் ஒடுங்கும். ஒடுங்கினால் பள்ளம் இன்னும் குறுகும். இந்தச் சுற்றை உடைப்பதுதான் சிகிச்சை.

செய்முறை:

கொக்கியைக் குதியிலிருந்து முன்முனை நோக்கி மட்டும் இழுங்கள். எதிர்ப்பக்கமாக இழுத்தால் முனை ஃபிராக்கில் குத்தும். பக்கப் பள்ளங்கள் இரண்டையும் முடித்துவிட்டு, நடுப்பள்ளத்துக்குக் கொக்கியே வேண்டாம், பழைய பல் துலக்கும் பிரஷ் போதும். தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் வைத்துத் தேய்த்துக் கழுவி, காஸ் துணியை ஒரு கயிறு போல இழுத்துப் பள்ளத்தை ஈரம் போகத் துடையுங்கள். இந்த உலர்த்தும் வேலையை விட்டுவிட்டு மருந்து ஊற்றுவதால்தான் பலருக்குப் பலன் கிடைப்பதில்லை.

உலர்ந்த பிறகு, விரல் அகலக் காஸ் துண்டைப் போவிடோன் அயோடினில் நனைத்துப் பிழிந்து, பள்ளத்தின் அடிவரை மெதுவாகச் செருகுங்கள். அழுத்தி அடைக்கக் கூடாது, மருந்து பட்டுக்கொண்டிருந்தால் போதும். தினமும் மாற்ற வேண்டும். ஒன்றிரண்டு வாரத்தில் நாற்றம் போய், பள்ளத்தின் அடி வறண்டு, தொட்டால் உதறாமல் நிற்க வேண்டும்.

மயில்துத்தம் நன்றாக வேலை செய்யும், ஆனால் பச்சைப் புண்ணில் அது எரிக்கும். இப்போது வேண்டாம். ஃபார்மலின், பிளீச்சிங் திரவம், ஹைட்ரஜன் பெராக்சைடு மூன்றும் கிருமியோடு சேர்த்து நல்ல திசுவையும் கொல்லும். தொங்கும் செத்த ஃபிராக் துண்டுகளைச் சீவுபவர் எடுத்துவிடட்டும், காற்று உள்ளே போகும். ரத்தம் கசிந்தாலோ, குதிக்கு மேல் வீங்கினாலோ, நொண்டினாலோ, ஃபிராக்கில் காலிஃபிளவர் போலச் சதை வளர்ந்து தொட்டதும் ரத்தம் வந்தாலோ நேரில் மருத்துவர் பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னது த்ரஷ் அல்ல, கேங்கர். அதற்கு அறுவை தேவைப்படும்.

ஒரு சிறு எச்சரிக்கை. ஃபிராக் ஆண்டுக்கு ஓரிரு முறை தானாகவே தோல் உரிப்பது போல உரியும். நாற்றமில்லை, வலியில்லை, அடியில் புது ஃபிராக் தெரிகிறது என்றால் அது இயல்பு. மருந்து போட்டுக் கெடுக்காதீர்கள்.

டெட்டனஸ் தடுப்பூசி நாள் கடந்திருந்தால் இப்போதே போட்டுவிடுங்கள். உடல்வாகில் குதிரை அளவுக்கு டெட்டனஸுக்கு எளிதில் ஆட்படும் கால்நடை வேறில்லை.

---

வைக்கோல்போர் எழுதியது:

எண்ணெய், தீவனம் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன்.

குளம்புச் சுவரில் ஏறக்குறைய கால் பங்கு ஈரம். உள்ளங்காலில் மூன்றில் ஒரு பங்கு. ஃபிராக்கில் பாதி. அந்த ஈரம் பெரும்பாலும் உள்ளிருந்து, ரத்த ஓட்டத்தின் வழியாக வருவது. வெளியே பூசும் எண்ணெய் பளபளப்பைத் தரும், உள்ளே எதையும் ஊட்டாது. சேறும் ஈரமும் இருக்கும்போதே பூசினால் கிருமியை உள்ளே வைத்து மூடி போட்ட கதைதான். சுவரைக் கெடுப்பது வறட்சி மட்டும் அல்ல, ஈரமும் உலர்வும் மாறிமாறி வருவது. காலையில் ஈரக் கொட்டடி, மதியம் சுடுமணல், மாலையில் குளிப்பாட்டல் என்று போனால் சுவர் ஊறி விரிந்து, காய்ந்து சுருங்கி, கடைசியில் உதிரும். ஃபிராக் சிகிச்சைக்குக் கழுவுவது தவிர, தினமும் கால் கழுவும் பழக்கத்தை நிறுத்தி உலர்பிரஷ் போடுவது எந்த எண்ணெயையும் விட மேல்.

கொட்டடியைப் பாருங்கள். குதிரை நிற்கும் இடத்தில் கையால் படுக்கையை விலக்கி, அடியில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஈரமாக, மூக்கில் ஏறும் அம்மோனியா வாடை வந்தால் மேலே எவ்வளவு வைக்கோல் போட்டும் பயனில்லை. அடியை முழுக்க அள்ளி, தரையைக் காயவிட்டு, புதிதாகப் போடுங்கள். அப்புறம் நாளுக்கு இரண்டு முறை சாணமும் ஈரப் படுக்கையும் அள்ள வேண்டும். ரப்பர் பாய் இருந்தால் அதைத் தூக்கிப் பாருங்கள், மூத்திரம் அதன் அடியில்தான் தேங்கி நிற்கும்.

பயோட்டின் 500 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 மி.கி. உங்களுக்கு 12 முதல் 16 மி.கி. வரும். ஏற்கெனவே முளைத்துவிட்ட சுவரை அது ஒன்றும் செய்யாது. மயிர் வரிக்குக் கீழே புதிதாக வரும் பட்டையில்தான் வித்தியாசம் தெரியும், அதற்கு ஆறேழு மாதம் பொறுக்க வேண்டும். பயோட்டினை விட முக்கியம் துத்தநாகமும் தாமிரமும், கூடவே மெத்தியோனின் என்ற அமினோ அமிலமும். தவிடும் தானியமும் மட்டுமே தின்னும் குதிரைக்குப் பாஸ்பரஸ் ஏறிக் கால்சியம் குறையும், அதையும் கவனியுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு மூன்று டானிக் கொடுக்காதீர்கள். எல்லாவற்றிலும் செலினியம் இருந்தால் கூட்டித் தொகை நச்சாகும். அதன் அறிகுறியே பிடரி மயிர் கொட்டுவதும், குளம்பு மயிர் வரியில் குறுக்காக வெடிப்பதும்தான்.

---

மண்புழுதி எழுதியது:

மிக்க நன்றி. மூவர் சொன்னதையும் குறித்துக்கொண்டேன். இன்னும் மூன்று சந்தேகம். லாடம் இப்போது வேண்டுமா? குளம்பு சூடாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள், எவ்வளவு சூடு அபாயம்? சுவரில் வளையம் வளையமாகக் கோடுகள் தெரிகின்றன, அது நோயா?

---

அரமும்கத்தியும் எழுதியது:

லாடம் இப்போது வேண்டாம். லாடம் அடித்தாலும் அடியில் சீவல் சரியாக இருக்க வேண்டும். நீண்ட முன்முனையை வைத்துக்கொண்டு லாடம் அடித்தால் அந்த நீளத்தையே ஆணி வைத்து நிரந்தரமாக்குகிறீர்கள். அதோடு, லாடம் குதியின் விரிவைக் கொஞ்சமாவது கட்டுப்படுத்தும், உங்கள் குதிரைக்கு இப்போது குதி விரிந்து வேலை செய்ய வேண்டும். வெடிப்பு மயிர் வரியை நோக்கி ஏறினாலோ, ஊன்றும்போது இரண்டு பக்கமும் தனித்தனியாக அசைந்தாலோ அப்போது யோசிக்கலாம்.

பின்னொரு நாள் லாடம் தேவைப்பட்டால், ஆணிகள் குளம்பின் மிக அகலமான இடத்துக்கு முன்னால் நிற்கட்டும். அதற்குப் பின்னால் அடித்தால் குதி பூட்டிக்கொள்ளும். ஆணி வெள்ளைக் கோட்டின் வெளி ஓரத்தில் நுழைந்து, சுவரில் சுமார் 2 செ.மீ. உயரத்தில் வெளியே வர வேண்டும். உள்ளே சாய்ந்து போன ஆணி அன்றே வலிக்கலாம், அல்லது இரண்டு மூன்று நாள் கழித்துக் காட்டலாம். லாடம் அடித்த வாரத்திலேயே நொண்டினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஆணியைத்தான்.

வளையங்கள் மயிர் வரிக்கு இணையாக, எல்லா இடத்திலும் ஒரே இடைவெளியில் இருந்தால் தீவனம் மாறியது, காய்ச்சல் வந்தது, பருவம் மாறியது என்பதன் பதிவு மட்டுமே. முன்னால் நெருக்கமாகவும் குதிப்பக்கம் அகலமாகவும் விரிந்து போனால் அது வேறு கதை, அதை மருத்துவர் சொல்லட்டும்.

---

குதிரைமருந்தகம் எழுதியது:

அப்படி விரியும் வளையங்கள் பழைய லேமினைட்டிஸின் (குளம்புச் சுவரை எலும்போடு பிணைக்கும் திசுவின் அழற்சி) தடமாக இருக்கலாம். முன்முனையில் வளர்ச்சி தடைப்பட்டு, குதி மட்டும் வளர்ந்திருக்கும். அதோடு வெள்ளைக் கோடும் முன்முனையில் அகன்றிருந்தால் எக்ஸ்ரே எடுத்து, உள்ளே எலும்பு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று பார்த்த பிறகே பெரிய சீவல்.

சூட்டை மட்டும் நம்பாதீர்கள். வெயிலில் நின்ற குளம்பும் சுடும், ஓடி வந்த குளம்பும் சுடும். நான்கையும் ஒப்பிட்டு, ஒன்று மட்டும் மணிக்கணக்கில் சூடாகவே இருந்தால்தான் கணக்கு. அதைவிடத் தெளிவானது கால் நாடி. பாஸ்டர்னுக்கு மேலே உள்ள ஃபெட்லாக் மூட்டின் பின்பக்கம், உள்ளும் வெளியுமாக இரண்டு ஓரங்களிலும் நரம்பும் ரத்தக் குழாயும் சேர்ந்து ஒரு கயிறு போல உருளும். அங்கே இரண்டு விரலை லேசாக வைத்துக் காத்திருங்கள். நலமான குதிரையில் இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டியிருக்கும். விரலைத் தட்டித் தள்ளும் அளவுக்குத் துடித்தால் குளம்புக்குள் அழற்சி. குதிரை நன்றாக இருக்கும் நாளில் பத்து முறை பழகிக்கொள்ளுங்கள்.

ஒரே காலில் திடீரென்று, ஊன்றவே மறுக்கும் அளவுக்கு நொண்டலும் பலத்த நாடியும் வந்தால் பெரும்பாலும் உள்ளே சீழ். மருத்துவரோ லாடம் அடிப்பவரோ குறடு வைத்து அழுத்தி, இடத்தைக் கண்டு, சிறு துளை போட்டு வடிப்பார். பிறகு, பொறுக்கும் சூட்டு நீரில் எப்சம் உப்புக் கரைத்து 15, 20 நிமிடம் ஊறவைத்து, உலர்த்தி, கட்டுப் போட வேண்டும். துளையைப் பெரிதாகத் தோண்ட விடாதீர்கள், உள்ளிருக்கும் மென்திசு பிதுங்கி வந்தால் ஆறுவது மாதக்கணக்கு. ஊன்றாத நொண்டலுக்கு எலும்பு முறிவும் காரணமாகலாம் என்பதால் அன்றைக்கே காட்டுங்கள்.

இரண்டு முன்னங்காலும் சூடு, இரண்டிலும் துடிக்கும் நாடி, கால்களை முன்னே நீட்டிப் பின்னங்காலில் பாரத்தைப் போட்டு நிற்கிறது, திரும்பச் சொன்னால் தயங்குகிறது என்றால் அது லேமினைட்டிஸ். அது அவசரம், காலைவரை பொறுக்கக் கூடாது. தானியத்தை நிறுத்துங்கள். நடக்க வைக்காதீர்கள். ஆழமான மென்படுக்கை போட்டு, ஐஸ் கட்டி மிதக்கும் நீரில் குளம்பும் பாஸ்டர்னும் முழுவதும் மூழ்க நிறுத்தி, மருத்துவரை அழையுங்கள். தானிய மூட்டையை உடைத்துத் தின்றதாலோ, ஈன்ற பிறகு நஞ்சுக்கொடி தங்கியதாலோ வரும் வகையில் ஐஸ் வைப்பதை இரண்டு மூன்று நாள் இடைவிடாமல் தொடர வேண்டியிருக்கும். அரை மணி நேரம் வைத்து எடுத்தால் பயன் குறைவு. ஐஸ் கரையக் கரையச் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்னொன்று, கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டியது. ஃபிராக்கில் ஆணி ஏறியிருப்பதைப் பார்த்தால் பிடுங்கிவிடாதீர்கள். எக்ஸ்ரேயில் ஆணி எங்கே நிற்கிறது என்று தெரிந்தால்தான் மூட்டு ஒன்றையோ, நாவிகுலர் என்ற குளம்புக்குள் உள்ள சிறு எலும்பைச் சுற்றிய பையையோ தொட்டதா என்று சொல்ல முடியும். பிடுங்கிய கணத்தில் துளை மூடிக்கொள்ளும், தடம் தொலைந்துவிடும். ஊன்றினால் ஆணி இன்னும் உள்ளே ஏறும் நிலை என்றால், அதைச் சுற்றிக் கட்டை வைத்துக் கட்டி, தரையில் படாமல் செய்யுங்கள். எடுத்தே தீர வேண்டிய நிலை வந்தால், எடுப்பதற்கு முன் படம் எடுங்கள். இடம், சாய்வு, எவ்வளவு நீளம் உள்ளே போயிருந்தது மூன்றையும் குறித்துக்கொண்டு, ஆணியையும் பத்திரமாக வையுங்கள்.

---

மண்புழுதி எழுதியது:

நாளை சீவ ஆள் வருகிறார். கொட்டடியை இன்றே அள்ளிவிட்டோம், பாய்க்கு அடியில் நீங்கள் சொன்னபடியே தேங்கியிருந்தது. கடைசியாக ஒன்று: பின்னங்காலில் காஸ் செருகும்போது உதைக்க வருகிறது. எப்படிப் பிடிப்பது?

---

அரமும்கத்தியும் எழுதியது:

வலிக்கிற காலை உயரத் தூக்காதீர்கள். உயரம் கூடக்கூட இடுப்பும் இழுபட்டு, உதைக்கத்தான் தோன்றும். முன்னங்காலைப் பிடிக்க ஒருவர் தேவையில்லை, தலைக்கயிற்றைப் பிடிக்க ஒருவர் கட்டாயம் தேவை. அவரும் நீங்களும் குதிரையின் ஒரே பக்கம் நில்லுங்கள். கட்டிப் போட்டுச் செய்ய வேண்டாம்.

தோளிலிருந்து இடுப்பு வழியாகக் கையைத் தடவிக்கொண்டே கீழே வாருங்கள். குளம்பைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மட்டும், உங்கள் தொடையின் மேல் தாங்கிப் பிடியுங்கள். முதல் இரண்டு நாள் காஸ் செருகவே வேண்டாம். ஊசியில்லாத சிரிஞ்சால் வெதுவெதுப்பான அயோடின் கலந்த நீரைப் பள்ளத்தில் விட்டு, துடைத்து, குதிரை காலை இழுப்பதற்கு முன் நீங்களே காலைக் கீழே வையுங்கள். பத்து நொடிக்கு ஒரு முறை கீழே வைத்தாலும் பரவாயில்லை. இழுத்து விடுவித்துக்கொள்ள முடியும் என்று அதற்குத் தெரிந்துவிட்டால் அடுத்த நாள் இன்னும் பலமாக இழுக்கும்.

மூன்றாம் நாள் வலி தணிந்திருக்கும், காஸை அப்போது செருகலாம். அன்றும் தொடவே விடவில்லை என்றால் மருத்துவரை வரச்சொல்லி, மயக்க ஊசி போட்டு ஒருமுறை முழுக்கச் சுத்தம் செய்துவிடுங்கள்.